ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல்: மாநிலங்களவை, 2015 ஏப்ரல் 24

காவிரிப்படுகை எழுதியது:

அந்த நாளைப் பற்றி இங்கே தனியாக ஓர் இழை இல்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. இன்று நானே தொடங்குகிறேன்.

2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. முந்தைய நாள்தான் மாநிலங்களவை மீண்டும் கூடியிருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல் அந்த அவையில் அரசின் அலுவல் கிடையாது. அமைச்சராக இல்லாத உறுப்பினர்களின் மசோதாக்களும் (தனிநபர் மசோதாக்கள் என்பது இவற்றைத்தான்) தீர்மானங்களும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளப்படும். ஊருக்குப் போகிறவர்கள் மதியமே விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். சிவப்புக் கம்பளத்தின் மேல் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள் கிடக்கும். அரசியல் அறிவியல் பாடம் எடுத்த காலத்தில் ராஜ்யசபா டிவியை வெள்ளிக்கிழமைகளில் விடாமல் பார்ப்பேன். இருபது பேர், முப்பது பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் பேசுகிறவர்கள் கொறடாவின் உத்தரவுக்காகப் பேசுவதில்லை. மனத்தில் இருப்பதைப் பேசுவார்கள்.

அன்று எடுத்துக்கொள்ளப்பட்டது திமுக உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்திருந்த 2014-ஆம் ஆண்டின் திருநர் (திருநங்கையர், திருநம்பிகள் முதலானோர்) உரிமைகள் மசோதா. 58 பிரிவுகள். கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இட ஒதுக்கீடு, தேசிய ஆணையம், மாநில ஆணையங்கள், தனி நீதிமன்றங்கள் என்று முழுச் சட்டமாக எழுதப்பட்டிருந்தது. தனிநபர் மசோதா என்றால் இரண்டு பக்கத்தில் ஓர் ஆசையை எழுதிக் கொடுப்பது என்று நினைப்பவர்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வழக்கமாக என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. உறுப்பினர்கள் உருகிப் பேசுவார்கள். அமைச்சர் எழுந்து பாராட்டுவார். அரசே இதைப் பரிசீலித்துவருகிறது, ஆகவே மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வார். உறுப்பினரும் நன்றி சொல்லித் திரும்பப் பெற்றுக்கொள்வார். அன்றும் சமூக நீதித் துறை அமைச்சர் தாவர் சந்த் கெலாட் அப்படித்தான் கேட்டார். சிவா மறுத்துவிட்டார். அவையின் முடிவுக்கு விடுங்கள் என்று நின்றார்.

இந்த இழையில் நான் சொல்ல வந்தது அந்த மறுப்பைத்தான். அதன் பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்து பிறந்தது. வாக்கெடுப்பில் அவை இரண்டாகப் பிரிந்து நிற்கக்கூடாத விஷயம் இது என்று அவை முன்னவர் அருண் ஜேட்லி உட்பட ஆளுங்கட்சித் தரப்பும் சொல்லும் நிலை வந்தது. இருக்கையில் இருந்த துணைத் தலைவர் பி.ஜே. குரியன் ஒவ்வொரு பிரிவாக வாசித்து அவையின் கருத்தைக் கேட்டார். குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக நிறைவேறியது. 45 ஆண்டுகளில் காணாத நிகழ்வு என்று மறுநாள் நாளேடுகள் எழுதின.

---

வைகைக்கரை எழுதியது:

ஐயா, உங்கள் உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அந்த மசோதா சட்டமானதா? இல்லை. மக்களவையில் அது நிறைவேறவே இல்லை. நான்கரை ஆண்டு கழித்து வந்த சட்டம் வேறு சட்டம். அதில் 2 சதவீதமும் இல்லை, ஆணையமும் இல்லை.

இன்னொன்று. ஒருமனதாக என்றால் யார் யார்? குரல் வாக்கெடுப்பில் பெயர் பதிவாகாது. பொத்தானை அமுக்கியிருந்தால் இன்னார் ஆதரித்தார், இன்னார் எதிர்த்தார், இன்னார் நடுநிலை என்று ஏட்டில் நின்றிருக்கும். ஐந்து ஆண்டு கழித்து, ‘அன்று ஆம் என்றீர்களே’ என்று ஒருவரையாவது பிடித்துக் கேட்டிருக்கலாம். எல்லோரும் ஆம் என்றார்கள் என்பது கடைசியில் யாரும் பொறுப்பில்லை என்பதாக முடிந்துவிட்டது. வாக்கெடுப்பை வற்புறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

---

சட்டப்புத்தகம் எழுதியது:

இருவரும் சொல்வதில் சில திருத்தங்கள்.

முதலில் அந்த 45 ஆண்டுக் கணக்கு. தனிநபர் மசோதா ஒன்று இரு அவைகளையும் கடந்து சட்டமானது கடைசியாக 1970-ஆம் ஆண்டில். உச்ச நீதிமன்றத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு அதிகாரத்தை விரிவாக்கிய சட்டம் அது. ஆனந்த் நாராயண் முல்லா கொண்டுவந்தது. நாளேடுகளின் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. சுதந்திர இந்தியாவில் இப்படிச் சட்டமானவை மொத்தம் 14 மட்டுமே. அவற்றில் ஆறு 1956 என்ற ஒரே ஆண்டில் வந்தவை. அந்த ஆறில் ஒன்று பெரோஸ் காந்தியின் சட்டம். நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்ளது உள்ளபடி வெளியிடும் பத்திரிகைக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தது அதுதான். நெருக்கடி நிலைக் காலத்தில் அது நீக்கப்பட்டது, 1977-இல் திரும்ப வந்தது. இன்று நாம் இங்கே அவை நடவடிக்கையைப் பற்றி அச்சமில்லாமல் பேசுவதற்கு ஒரு தனிநபர் மசோதாவும் காரணம் என்று என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம்.

அடுத்து வைகைக்கரையின் கேள்வி. குரல் வாக்கெடுப்பில் தலைவர், ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ எனவும் எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ எனவும் சொல்லச் சொல்வார். ஒலியைக் கேட்டு முடிவை அறிவிப்பார். அதை யாராவது மறுத்தால்தான் மணி அடிக்கும், தாழ்வாரக் கதவுகளை அடைப்பார்கள், ஒவ்வோர் இருக்கையிலும் விளக்கு எரியும். சிவா அந்த வழிக்குப் போகவும் ஆயத்தமாகத்தான் இருந்தார். வாக்கெடுப்பு நடக்கும் என்ற நெருக்கடிதான் ஆளுங்கட்சி வரிசையை இறங்கி வரச் செய்தது என்று நான் படிக்கிறேன். எதிர்த்து வாக்களித்தவர்களாகப் பதிவாக அவர்கள் விரும்பவில்லை. ஆதரித்தவர்களாகப் பதிவாகவும் தயங்கினார்கள். குரல் வாக்கெடுப்பு இரண்டிலிருந்தும் அவர்களை விடுவித்தது. மசோதா பிழைத்தது. அந்த நேரத்தில் அவையில் இருந்த தலைகளை எண்ணிப் பார்த்திருந்தால், வாக்கெடுப்பை வற்புறுத்தும் துணிவு எனக்கு வந்திருக்காது.

ஒரு தனிநபர் மசோதா அந்த நிலைக்கு வருவதே அரிது என்பதையும் மறக்க வேண்டாம். முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். சீட்டுக் குலுக்கலில் பெயர் முன்னால் வர வேண்டும். அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு பிறக்கும் மசோதா என்றால், அரசியலமைப்பின் 117-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும். இத்தனையும் கூடி வந்து விவாதம் தொடங்கினாலும், அது முடிவதற்குள் கடிகாரம் ஐந்தைத் தொட்டுவிடும். அடுத்த வாய்ப்பு எந்த வெள்ளி என்று யாருக்கும் தெரியாது.

---

செய்திமேசை எழுதியது:

அன்று இரவு நான் ஒரு நாளேட்டில் மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தேன். எந்த நாளேடு என்பது வேண்டாம்.

மாலை ஆறு மணிக்குச் செய்தி நிறுவனத்தின் நகல் வந்தது. முதலில் ஒற்றைப் பத்தி என்று ஒதுக்கினார்கள். தனிநபர் மசோதாவுக்கு ஒற்றைப் பத்திக்கு மேல் யாரும் கொடுக்க மாட்டார்கள். எங்கள் மேசையில் இருந்த மூத்தவர் ஒருவர் நகலை இரண்டு தடவை படித்துவிட்டு, “நிறைவேறியது என்று இருக்கிறதே, அறிமுகமானது என்று இருக்க வேண்டாமா? டெல்லிக்குப் போன் போடு” என்றார். அந்தச் சொல் பிழை என்றே நினைத்துவிட்டார். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் அவர். தனிநபர் மசோதா என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நிறைவேறியது என்ற சொல்லை அவர் அச்சில் பார்த்ததே இல்லை.

டெல்லி நிருபர் உறுதிசெய்தார். செய்தி முதல் பக்கத்துக்கு ஏறியது.

பிறகு தலைப்புக்கு வந்தோம். திருநங்கையர் என்று ஒருவர் எழுதினார். மசோதாவில் திருநம்பிகளும் இருக்கிறார்களே என்றேன். மூன்றாம் பாலினத்தவர் என்றால் முதலும் இரண்டாமும் யார் என்ற கேள்வி வருகிறது என்றார் பக்கம் கட்டுகிறவர். எங்கள் கையில் அன்று ‘திருநர்’ என்ற பொதுச்சொல் பழகியிருக்கவில்லை. கடைசியில் திருநங்கையர் என்றே போனது. இன்றும் அந்தப் பழைய பக்கத்தைப் பார்த்தால், அந்தத் தலைப்பில் விடுபட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

---

சித்திரைநிலா எழுதியது:

செய்திமேசை அண்ணா, அந்தப் பக்கத்தை நான் வெட்டி வைத்திருக்கிறேன். உங்கள் நாளேடுதானா என்று தெரியாது. எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு ஆண்டு ஒட்டியிருந்தது.

நான் திருநங்கை. விழுப்புரம் பக்கம். அந்த ஆண்டு கூவாகம் திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. வீட்டில் ஏழெட்டுப் பேர் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தோம். செய்தி தொலைக்காட்சியில் ஓடியது. எங்கள் அம்மாவுக்கு (பெற்றவர் அல்ல, என்னைத் தத்தெடுத்து வளர்த்தவர்) எழுபது வயது. ஒலியைக் கூட்டச் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு, “யாரும் சிரிக்கவில்லையா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. “அத்தனை ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நம் பெயரை எடுத்தால் ஒருவன் சிரிப்பானே. சிரிக்கவில்லையா?” என்றார். இல்லை அம்மா, எல்லோரும் ஆம் என்று சொன்னார்கள் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

வைகைக்கரை ஐயா, சட்டமாகவில்லை என்பது எங்களுக்குத் தெரியாததா? அதன் பலனைச் சுமப்பவர்கள் நாங்கள். ஆனாலும் அன்று அந்த மசோதாவில் எங்களுக்கு என்ன எழுதியிருந்தது என்பதைப் பாருங்கள். பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒத்துப்போகாத எவரும் அதில் அடங்குவர், அறுவை சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும். கின்னர், ஹிஜ்ரா, ஜோக்தா என்ற வரிசையில் ‘அரவாணி’ என்ற சொல்லும் இருந்தது. எங்கள் கூத்தாண்டவர் கோயில் தேரடியில் புழங்கும் சொல் டெல்லி மசோதாவின் வரையறைக்குள் உட்கார்ந்திருந்தது.

2019-இல் நிறைவேறிய வடிவத்தில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெண் என்றோ ஆண் என்றோ மாற்ற வேண்டுமானால் மருத்துவச் சான்றோடு மறுபடியும் போக வேண்டும். என் தோழி ஒருத்தியோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். விண்ணப்பத்தை வாங்கியவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்த மேசையில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்போது அம்மா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

---

வைகைக்கரை எழுதியது:

சித்திரைநிலா அம்மா, உங்கள் பதிவைக் காலையில் படித்தேன். மாலை வரை பதில் எழுத வரவில்லை. சட்டம் வந்ததா இல்லையா என்ற ஒரே அளவுகோலை வைத்து அந்த நாளை எடைபோட்டது என் தவறு. ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் என் கோபம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஒருமனதாக நிறைவேறிய ஒன்றை ஏன் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை? 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில், பாலினத்தை அவரவரே தீர்மானிக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஓராண்டு கழித்து மாநிலங்களவை மசோதாவையும் நிறைவேற்றிக் கொடுத்துவிட்டது. அரசு செய்ய வேண்டியிருந்தது மக்களவையில் அதற்கு நேரம் ஒதுக்குவது மட்டும்தான்.

---

மலைச்சாரல் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். மாநிலங்களவையில் நிறைவேறியதும் மக்களவைக்குத் தானாகப் போய்விடாதா? சிவாவே அங்கே போய்ப் பேச முடியாதா?

---

சட்டப்புத்தகம் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. மசோதா மக்களவையின் மேசையில் வைக்கப்படும், அவ்வளவுதான். அங்கே ஓர் உறுப்பினர் முன்வந்து, இதை நான் நடத்துகிறேன் என்று அறிவிப்புக் கொடுத்தால்தான் அது உயிர் பெறும். மாநிலங்களவை உறுப்பினர் அங்கே போய்ப் பேச இயலாது.

இங்கேதான் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. 2014 மக்களவைத் தேர்தலில் திமுகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டின் 39-இல் 37 அதிமுகவுக்கு, பாமகவுக்கும் பாஜகவுக்கும் ஒவ்வொன்று. ஆக, மாநிலங்களவையில் சரித்திரம் படைத்த மசோதாவைத் தூக்கிப் பிடிக்க மக்களவையில் அந்தக் கட்சிக்கு ஓர் ஆள் இல்லை. ஒடிசாவின் பிஜு ஜனதா தளத்தைச் சேர்ந்த பைஜயந்த் பாண்டா கையில் எடுத்தார். 2016 பிப்ரவரியில் விவாதத்துக்கும் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு தன் மசோதாவை அறிமுகம் செய்துவிட்டது. அரசு மசோதா வந்துவிட்ட பிறகு தனிநபர் மசோதாவைத் திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம்?

தமிழ்நாட்டின் 39 பேரில் ஒருவராவது, கட்சியை ஒதுக்கிவைத்துவிட்டு, இது எங்கள் மண்ணிலிருந்து போன மசோதா, நான் நடத்துகிறேன் என்று முன்வந்திருக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டிலேயே நல வாரியம் அமைத்த மாநிலம் இது. ‘திருநங்கை’ என்ற சொல்லையே அரசுச் சொல்லாக்கிய மாநிலம். ஒடிசாக்காரர் எடுக்கும் வரை அந்த மசோதா மேசையில் கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது.

---

செய்திமேசை எழுதியது:

அரசின் 2016 மசோதாவில் இருந்த வரையறையையும் சொல்லுங்கள். முழுமையாக ஆணும் இல்லை, முழுமையாகப் பெண்ணும் இல்லை என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அந்த வரியைத் தமிழாக்கம் செய்ய என் கை வரவில்லை. மனிதரை ‘இல்லை, இல்லை’ என்று சொல்லி வரையறுப்பதை அப்போதுதான் பார்த்தேன். எதிர்ப்பு வலுத்த பிறகு அந்த வரி மாறியது. மாவட்டந்தோறும் பரிசோதனைக் குழு என்பதும், பிச்சையெடுப்பது தொடர்பான தண்டனைப் பிரிவும் கடைசி வடிவத்தில் போய்விட்டன. அவை தானாகப் போகவில்லை. தெருவில் நின்ற திருநர் அமைப்புகள் போகவைத்தன. அந்தப் போராட்டங்களில் அவர்களுக்குக் கையில் இருந்த ஆயுதங்களில் ஒன்று, ‘மாநிலங்களவை நிறைவேற்றிய மசோதா இப்படி இல்லையே’ என்ற கேள்வி.

---

காவிரிப்படுகை எழுதியது:

செய்திமேசை சொன்னதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை சிவா அமைச்சரின் உறுதிமொழியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பின்னால் வந்த சட்டத்தை எதனோடு ஒப்பிட்டிருப்போம்? ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற குறிப்பு மட்டும் இருந்திருக்கும்.

இரண்டாவது நாளையும் பதிந்துவிடுகிறேன். 2019 ஆகஸ்ட் 5-ஆம் நாள் மக்களவை அரசின் மசோதாவை நிறைவேற்றியது. அன்றுதான் மாநிலங்களவையில் காஷ்மீரின் 370-ஆம் பிரிவு பற்றிய தீர்மானம். நாடே அங்கே பார்த்துக்கொண்டிருந்தது. இங்கே ஒரு சமூகத்தின் சட்டம் கடந்துபோனதை யார் கவனித்தார்கள்?

பிறகு நவம்பர் 26, மாநிலங்களவை. அரசியலமைப்பு ஏற்கப்பட்ட 70-ஆம் ஆண்டு விழா, காலையில் மைய மண்டபத்தில் நடந்திருந்தது. மாலையில் இந்த மசோதா. அதே சிவா எழுந்தார். இதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இந்த முறை வாக்குகள் எண்ணப்பட்டன. ஆதரவு 55, எதிர்ப்பு 74. தீர்மானம் தோற்றது, மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. திருநரைப் பாலியல் வன்முறை உட்பட எந்த வகையில் துன்புறுத்தினாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரைதான் சிறை என்ற பிரிவும் அதில் உண்டு. பெண்ணுக்கு எதிரான வன்புணர்வுக்கு என்ன தண்டனை என்பது எல்லோருக்கும் தெரியும்.

வைகைக்கரை ஐயா, நீங்கள் கேட்ட பதிவு அன்றைக்கு இருந்தது. 55, 74. அதே அவை, அதே உறுப்பினர், நான்கரை ஆண்டு இடைவெளி. இரண்டு நாளின் நடவடிக்கைக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மாநிலங்களவையின் இணையதளத்தில் முழுமையாக இருக்கின்றன.

---

வைகைக்கரை எழுதியது:

படிக்கிறேன் ஐயா. அந்த எண்களை இதுவரை நான் கவனித்ததில்லை. 2015-இல் ஆம் என்று குரல் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த 74-இல் இருந்தார்கள் என்பதை இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. இதைத்தான் முதலில் சொல்ல முயன்றேன். சட்டப்புத்தகம் ஐயா சொன்ன காரணமும் இப்போது புரிகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

---

சித்திரைநிலா எழுதியது:

நேற்று இரவு 2015-ஆம் ஆண்டின் குறிப்பை இறக்கி அச்செடுத்தேன். இந்தியும் ஆங்கிலமும் கலந்து இருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரி படிக்கும் திருநம்பித் தம்பி ஒருவன் இருக்கிறான், அவன் வரி வரியாகத் தமிழில் சொன்னான். அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உறுப்பினர் பெயர் வரும்போதெல்லாம் எந்த ஊர்க்காரர் என்று கேட்டார். துணைத் தலைவர் பிரிவு பிரிவாகக் கேட்டு முடிக்கும் இடம் வந்ததும், அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். தம்பி படித்தான்.

மீதியை இன்று இரவு படிக்கிறோம். அடுத்து நவம்பர் 26.